நான்கு இறுதி ஆட்டங்களும் குணாவின் பெயரும்

சென்ற மாதம் என் பழைய நாளிதழிலிருந்து பிரவீணா என்ற இளம் நிருபர் கூப்பிட்டார். அமெரிக்கக் காற்பந்தைப் பற்றி அரைப் பக்கம் எழுதும்படி அவரிடம் சொல்லிவிட்டார்களாம். பெயர்தான் காற்பந்து, பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கிறது என்று முதலில் அலுத்துக்கொண்டார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"அக்கா, அதுல குவார்ட்டர்பேக்னு ஒருத்தர் இருக்காரு. பந்த யாருக்கு எறியணும்னு அவருதான் முடிவு பண்ணுவாரு. டீம் ஜெயிச்சா அவரு ஜெயிச்சாருன்னு கணக்கு வைக்கிறாங்க. பைனல்ல தோத்தா, பெரிய ஆட்டத்துல அவருக்குக் கால் நடுங்கும்னு எழுதறாங்க. பதினோரு பேரு ஆடுறாங்க லா. இது நியாயமா?"

"நியாயம் இல்லம்மா. ஆனா நானும் பல வருஷம் அதத்தான் செஞ்சேன்."

அவர் சிரித்தார். நான் கதையைச் சொன்னேன். முடித்ததும், "இத நீங்களே எழுதுங்கக்கா, நான் எழுதினா கெட்டுப்போயிடும்" என்றார். ஓய்வு பெற்றவர்களிடம் வேலை வாங்க இதைவிட நல்ல வழி கிடையாது.

மலேசியாவில் ஈஜோக் பக்கம் ஒரு தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள் நான். பள்ளியில் படிவம் ஐந்து முடித்ததும் ரவாங்கில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தினேன். பிறகு கோலாலம்பூரில் ஒரு தமிழ் நாளிதழில் அதே வேலை. இரண்டு ஆண்டு கழித்து வட சிலாங்கூர் நிருபர் திடீரென்று நின்றுவிட்டார். "அந்தப் பக்கம் யாருக்கு வழி தெரியும்?" என்று கேட்டார்கள். நான் கையைத் தூக்கினேன். அதற்குப் பிறகு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அசாம் ஜாவாவுக்கும் புக்கிட் பெருந்துங்குக்கும் இடையில் மோட்டர் சைக்கிளில் ஓடினேன். கோயில் திருவிழா, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, வெள்ளம், எல்லாம் எழுதினேன். சனி ஞாயிறுகளில் காற்பந்து.

விளையாட்டுப் பக்கத்தின் ஆசிரியர் தங்கையா. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. மாலையானால் கோப்பி-ஓ, பால் சேர்க்காத கோப்பி, ஒரு பிளாஸ்டிக் பையில் வரும். அதை மேசைக்குப் பக்கத்தில் சுவரில் அடித்திருந்த ஆணியில் மாட்டிவிடுவார். எடுத்துக் குடிக்க மாட்டார். படித்துக்கொண்டே தலையைச் சாய்த்து, உறிஞ்சுகுழலில் ஒரு வாய் இழுத்துவிட்டு மறுபடியும் தாளுக்குத் திரும்புவார். பை காலியாகும்போது பக்கம் முடிந்திருக்க வேண்டும் என்பது அவர் வைத்திருந்த கணக்கு.

என் முதல் ஆட்டச் செய்தியில், இடது பக்க ஆட்டக்காரர் அபாரமாக விளையாடினார் என்று எழுதியிருந்தேன். தங்கையா சார் அந்தச் சொல்லைச் சுற்றி வட்டம் போட்டார்.

"அபாரம்னா எத்தன?"

"தெரியல சார்."

"தெரிஞ்சுகிட்டு வா."

அந்த ஆட்டம் முடிந்து ஒரு நாள் ஆகியிருந்தது. எங்கே போய்த் தெரிந்துகொள்வது? அடுத்த ஆட்டத்துக்கு நோட்டோடு போனேன். இடப்பக்கம் ஒரு குழு, வலப்பக்கம் எதிர்க்குழு, ஓரத்தில் நிமிடம். கோலுக்கு முன்னால் பந்து கொடுத்தால் ஒரு கோடு. அதைப் பெற்றவர் உதைத்தால் கோட்டின் மேல் ஒரு வட்டம். பந்தைப் பறிகொடுத்தால் ஒரு பெருக்கல் குறி. பக்கத்தில் பெயரின் முதல் எழுத்து. தங்கையா சார் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒன்று மட்டும் சேர்த்தார்.

"கூட்டத்தோட நிக்காத. அவங்க கத்துறத கேட்டுகிட்டே இருந்தா, அவங்க பாத்தத நீ பாத்ததா நினைச்சுக்குவ."

அதனால் நான் எப்போதும் மூலைக்கொடிக்குப் பின்னால், செம்பனை நிழலில் தனியாக நிற்பேன். புதிதாக வரும் பெரியவர்கள் யாராவது பக்கத்தில் வந்து ஆஃப்சைடு என்றால் என்னவென்று விளக்குவார்கள். ஒவ்வொரு பருவத்திலும் நான்கைந்து பேர் விளக்கினார்கள். ஒவ்வொருவரும் வேறு மாதிரி.

இந்த இடத்தில்தான் குணாவின் பெயர் வருகிறது.

குணசேகரன் அசாம் ஜாவா பக்கத்துத் தோட்டக் குழுவுக்கு ஆடினார். எட்டாம் எண் சட்டை, இடது கால். தோட்டத்து மக்கள் பாதிப் பேர் தாமான் குடியிருப்பு வீடுகளுக்குப் போய்விட்டாலும் குழு பழைய பெயரிலேயே இருந்தது. குணாவும் புக்கிட் பெருந்துங்கில் ஒரு தொழிற்சாலையில் பாரந்தூக்கி ஓட்டிக்கொண்டு, ஆட்டத்துக்கு ஆட்டம் வந்துபோனார். நடுத்திடலில் பந்து வந்தால் ஒரு நொடி நிறுத்துவார். சாலையில் வழிகாட்டிப் பலகை படிப்பவர் போல ஒரு பார்வை. பிறகு பந்து போய்விடும், யாருமே எதிர்பார்க்காத இடத்துக்கு. குழுவின் ஆட்டம் அவர் வழியாகத்தான் நடந்தது. அந்த அளவுக்கு அவர் பிரவீணா சொன்ன குவார்ட்டர்பேக்தான்.

அவருடைய குழுவின் முழுப் பெயரில் தோட்டத்தின் பெயரும், இந்திய இளைஞர் விளையாட்டு மன்றமும் இருந்தன. எங்கள் பத்திரிகையில் தோட்டக் காற்பந்துக்குக் கிடைப்பது ஒரு பத்தி அகலம். தலைப்பு இரண்டு வரி, வரிக்கு இடைவெளியும் சேர்த்து ஏழு எழுத்து. அந்தப் பெயர் மட்டுமே ஐந்து வரி கேட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, நேரமாகிவிட்டது, நான் 'குணா குழு வெற்றி' என்று எழுதிக் கொடுத்தேன்.

தங்கையா சார் பார்த்தார்.

"குழுவுக்குப் பேரு இல்லையா?"

"பொருந்தல சார்."

அவர் தலையைச் சாய்த்து ஒரு வாய் கோப்பி குடித்தார். பை ஏறக்குறையக் காலி.

"பொருந்துறதப் போடு."

அவர் மேற்கொண்டு கேள்வி கேட்காமல் விட்ட தலைப்பு எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

அன்றிலிருந்து அந்தக் குழு குணா குழு. எளிதாக இருந்தது. அடுத்தடுத்து வென்றார்கள், அடுத்தடுத்து அவர் பெயர் வந்தது. ஒருமுறை அவர் காய்ச்சலோடு ஆடினார். என் நோட்டில் அவர் எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு கோடுகூட இல்லை, பெருக்கல் குறிதான் நிறைய. குழு மூன்று கோல் போட்டு வென்றது. மறுநாள் தலைப்பு வழக்கம்போல. தோட்டத்துக் கடையில் அவருக்கு இலவசமாகத் தே தாரிக் டீ கொடுத்தார்களாம். ஆட்டம் அவருக்கு மட்டும்தான் மோசம் என்பது என் செய்தியின் மூன்றாவது பாராவில் இருந்தது. மூன்றாவது பாராவை எத்தனை பேர் படிக்கிறார்கள்?

தீபாவளிக்கு முந்திய மாதங்களில் தோட்டக் குழுக்களுக்கு ஒரு கிண்ணப் போட்டி நடக்கும். குணா வந்தபின் அவர்கள் முதல்முறையாக அதன் இறுதி ஆட்டத்துக்குப் போனார்கள். தோற்றார்கள். 'குணா குழு தோல்வி' என்று போட்டேன். மறு ஆண்டும் இறுதி ஆட்டம், மறுபடியும் தோல்வி. தலைப்பில் 'மீண்டும்' என்ற சொல் வந்தாக வேண்டும். அதுதான் செய்தி. இடம் போதவில்லை. 'குழு'வை எடுத்துவிட்டேன்.

'குணா மீண்டும் தோல்வி.'

எழுதியபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பொருந்தியது என்ற நிம்மதிதான் இருந்தது.

மூன்றாவது, நான்காவது ஆண்டுகளிலும் அதே கதை. அதற்குள் அவருக்கு 'ரன்னரப்' என்று பெயர் விழுந்துவிட்டது. சுங்கை செம்பிலாங்கில் மீன் எடுத்து மோட்டரில் தோட்டம் தோட்டமாக விற்கும் கருப்பையா வைத்த பெயர். கருப்பையா ஓர் ஆட்டத்தையும் விடமாட்டார், ஓர் ஆட்டத்தையும் முழுதாகப் பார்க்கவும் மாட்டார். பாதி நேரம் திடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மற்றவர்களுக்கு ஆட்டத்தை விளக்குவார்.

"செமிபைனல் வரைக்கும் அவன் புலி லா. பைனல்னு சொன்னா போதும், காலு ஜெல்லி ஆயிடும்."

ஐந்தாவது ஆண்டும் இறுதி ஆட்டத்துக்கு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம், கோல சிலாங்கூரில். புதன்கிழமை மாலை ஆட்டக்காரர் பட்டியல் வாங்கத் தோட்டத்து மண்டபத்துக்குப் போனேன். பட்டியல் இன்னும் முடிவாகவில்லை என்றார்கள். உள்ளே குழுக் கூட்டம்.

குழு நிர்வாகி முத்துவேலு. தோட்டத்தில் ஆட்களை மேற்பார்க்கும் மண்டோராக இருந்து ஓய்வு பெற்றவர், எல்லாருக்கும் இன்னும் மண்டோர்தான். அவர் முன்னால் ஒரு தடித்த ஆல்பம். கல்யாண ஆல்பம் மாதிரி ஜிகினா அட்டை. அதைத் திறந்து என் பக்கம் திருப்பினார்.

"வாங்கம்மா, நல்ல நேரத்துல வந்தீங்க. பாருங்க. நான் சொன்னா இவனுங்க கேக்க மாட்டேங்குறானுங்க. பேப்பர்ல வந்திருக்கு."

பக்கம் பக்கமாக என் தலைப்புகள். தலைப்புகள் மட்டும். செய்தியைக் கத்தரித்துப் போட்டுவிட்டுத் தலைப்பை வரிசையாக ஒட்டியிருந்தார். வெற்றி, வெற்றி, வெற்றி, தோல்வி. வெற்றி, வெற்றி, மீண்டும் தோல்வி. பட்டியல் போட்டுக் குற்றம் சாட்டியது போல இருந்தது. சாட்டியவள் நான்.

"நாலு பைனல், நாலுலயும் குணா தோத்தாச்சு," என்றார் மண்டோர். "அவன் கெட்டவன் இல்ல. ராசி இல்ல, இல்ல தைரியம் இல்ல, ஏதோ ஒண்ணு. இந்தத் தடவ அவன் பெஞ்சுல இருக்கட்டும். ஜெரம்லேருந்து புதுசா வந்த பையன எறக்கலாம்."

குணா கதவருகே நின்றிருந்தார். ஷிஃப்ட் முடிந்து நேராக வந்தவர், தொழிற்சாலைச் சட்டையைக்கூட மாற்றவில்லை.

"மண்டோர், எனக்கு முப்பத்தஞ்சு ஆயிடுச்சு. முட்டி போச்சு, டாக்டரு இந்த வருஷத்தோட நிறுத்தச் சொல்லிட்டாரு. இதுக்கு மேல எனக்குப் பைனல் கெடையாது. பெஞ்சுல ஒக்கார வச்சி முடிக்காதீங்க."

"டேய், ஒனக்காக கப்ப விட முடியுமா?"

"விடச் சொல்லல. எம்மவ ரெண்டாம் ஆண்டு படிக்கிறா. பள்ளிக்கூடத்துல அவள 'ரன்னரப் மவ'ன்னு கூப்பிடறானுங்க. பெஞ்சுல ஒக்காந்து நீங்க ஜெயிச்சீங்கன்னு வைங்க, அந்தப் பேரு அவளுக்குக் கல்யாணம் வரைக்கும் ஒட்டிக்கும்."

கருப்பையா ஜன்னலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெயரை வைத்தவர் அவர் என்பதால் அந்த நேரத்தில் மீன் பெட்டியைச் சரிசெய்ய வேண்டிய அவசியம் வந்துவிட்டது.

முடிவை வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிவைத்தார்கள்.

மறுநாள் தங்கையா சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் நோட்டுகளை எடுத்துக்கொண்டு போய் மண்டோரிடம் காட்டட்டுமா என்று கேட்டேன்.

"நீ யாரு, அவனுக்கு வக்கீலா?"

"தலைப்பு நம்ம தப்பு சார்."

"தப்பு எங்க நடந்துச்சு?"

"பேப்பர்ல."

"அப்ப மண்டபத்துல ஏன் திருத்தற?"

அவர் ஒரு தாளை எடுத்து இரண்டு பத்தி அகலத்துக்குக் கோடு போட்டுக் கொடுத்தார். தோட்டக் காற்பந்துக்கு அவர் அவ்வளவு இடம் கொடுத்து நான் பார்த்ததில்லை. "நாலு ஆட்டம், நாலு பாரா. யாரு, எத்தனாவது நிமிஷம். அவன் நல்லவன்னு ஒரு வார்த்த இருந்தாலும் அடிச்சிடுவேன்," என்றார்.

வீட்டில் பழைய நோட்டுகளை விரித்துப் போட்டேன். முதல் இறுதி ஆட்டத்தில் குணா கொடுத்த பந்துகளில் மூன்று, கோலுக்கு முன்னால் தனியாக நின்றவரிடம் போயிருந்தன. இரண்டு மேலே பறந்தன, ஒன்று கம்பத்தில் பட்டது. தோற்றது சொந்தக் குழுவின் தற்காப்பாளர் காலில் பட்டு உள்ளே போன பந்தால். இரண்டாவதில் தவறு குணாவுடையதுதான். எழுபதாவது நிமிடத்தில் நடுத்திடலில் பந்தை விட்டார், அதிலிருந்து கோல். மூன்றாவது ஆட்டம் பினால்டி உதைகளில் முடிந்தது. குணா அடித்தது உள்ளே போனது, வேறு இருவர் அடித்தது போகவில்லை. நான்காவதில் குணா தரப்பில் வேறொருவர் சிவப்பு அட்டை வாங்க, பெரும்பகுதி பத்துப் பேர்தான் ஆடினார்கள்.

இரண்டாவது ஆட்டத்தை எழுதும்போது பேனாவை ஒருமுறை கீழே வைத்தேன். விட்டுவிட்டால் குணாவுக்கு நல்லது. எழுதினேன். விட்டிருந்தால் மற்ற மூன்றையும் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

செய்தி வெள்ளிக்கிழமை காலை வந்தது. மாலை பட்டியலுக்காக மண்டபத்துக்குப் போனபோது, கருப்பையா நடுவில் நின்று அதைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார். இந்த முறை உள்ளேயே வந்துவிட்டார்.

"அப்ப நாலுல ஒண்ணுதான் இவன் தோத்தது," என்று தாளை மடித்தார். "மூணு நம்மாளுங்க தோத்தது. டேய் ராஜு, ரெண்டு பந்து மேல அடிச்சது நீதானடா?"

முன்வரிசை ஆட்டக்காரர் ராஜு தலையைச் சொறிந்தார். "அன்னிக்கு மழ அங்கிள். பந்து சோப்பு மாதிரி இருந்துச்சு."

"நாலு வருஷமா வாயத் தொறக்கலயே நீ."

"யாரும் என்னக் கேக்கலயே."

மண்டபம் சிரித்தது. மண்டோர் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"இதெல்லாம் அப்பவே ஏம்மா எழுதல?"

"எழுதினேன் மண்டோர். தலைப்புக்குக் கீழ இருந்துச்சு. நீங்க தலைப்ப மட்டும் ஒட்டியிருக்கீங்க."

அவர் ஆல்பத்தைப் புரட்டினார். முகம் இறுகியது.

"ஆனா அந்தத் தலைப்பப் போட்டதும் நான்தான்," என்றேன். "இடம் பத்தல, அதனால அவரு பேரப் போட்டேன். உங்க மேல தப்பு இல்ல."

அவர் ஆல்பத்தை மூடினார். பிறகு பேனாவை எடுத்துப் பட்டியலில் எட்டாம் எண்ணுக்கு எதிரே குணாவின் பெயரை எழுதினார். "தோத்தா உங்க வீட்டுக்கு வந்துடுவேன்மா" என்றார் என்னிடம்.

இது கட்டுக்கதையாக இருந்தால் குணா ஞாயிற்றுக்கிழமை பிரமாதமாக ஆடியிருப்பார். அப்படி நடக்கவில்லை.

மதியம் பெய்த மழையில் திடல் சேறாகிக் கிடந்தது. தொடக்கத்திலேயே அவர் முட்டி ஒத்துழைக்கவில்லை என்று தெரிந்தது. பந்தை நிறுத்தினார், பார்த்தார், ஆனால் உதைத்த பந்து பாதி வழியில் நின்றது. முதல் பாதியில் நடுத்திடலில் பந்தை வாங்கித் திரும்பும்போது கால் மடங்கியது. எதிர்க்குழுப் பையன் பந்தைப் பறித்துக்கொண்டு நேராக ஓடிக் கோல் போட்டான். கூட்டத்திலிருந்து "ரன்னரப்பு" என்று ஒரு குரல். மண்டோர் மூலைக்கொடி வரை நடந்து வந்து என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

இரண்டாவது பாதியில் அவர்களைக் காப்பாற்றியது கோல்காவலர் சுரேஷ். நான் குறித்தவரை ஐந்து முறை, அதில் ஒன்று தரையோடு வந்த பந்தை விரல் நுனியால் தள்ளியது. பிறகு கோர்னர் உதையில் வந்த பந்தை ராஜு தலையால் முட்டிச் சமன் செய்தார். கடைசி நேரத்தில் தற்காப்பாளர் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு உதைத்த பந்து எதிராளி முதுகில் பட்டு, திசை மாறி, கோலுக்குள் உருண்டது. இரண்டுக்கு ஒன்று. விசில்.

கூட்டம் திடலுக்குள் ஓடியது. நேராகக் குணாவிடம். தோளில் தூக்கினார்கள். "குணா ஜெயிச்சிட்டான்" என்று கருப்பையா அழுதுகொண்டே கத்தினார். சுரேஷ் கோல் கம்பத்தில் சாய்ந்து தனியாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

நான் குழு வந்திருந்த லோரிக்குப் பின்னால் ஒதுங்கிக் கைத்தொலைபேசியில் அலுவலகத்தைக் கூப்பிட்டேன். மறுமுனையில் பணியில் இருந்த துணையாசிரியர் உற்சாகமாக இருந்தார்.

"அக்கா, 'குணா வென்றார்'னு போட்டுடவா? ஒரே வரியில நிக்குது."

"வேணாம். குழுவோட முழுப் பேரப் போடு."

"பொருந்தாதுக்கா."

"எழுத்தச் சின்னதாக்கு."

அவர் முணுமுணுத்துக்கொண்டே எழுத்தைக் குறைத்துப் பார்த்தார். அதற்குள் குணா தோள்களிலிருந்து இறங்கி, நொண்டிக்கொண்டு என்னிடம் வந்துவிட்டார். லோரியின் படியில் உட்கார்ந்து முட்டிப் பட்டையை அவிழ்த்தார். முட்டி வீங்கியிருந்தது.

"நான் பந்த விட்டது வருமாக்கா?"

"வரும்."

"எந்தப் பாராவுல?"

"முதல் பாராவுல. முதல் கோல் அதுலருந்துதான வந்துச்சு."

அவர் தலையாட்டினார். கூட்டம் இன்னும் அவர் பெயரைத்தான் கத்திக்கொண்டிருந்தது. அவர் மகள் சேற்றில் குதித்துக்கொண்டிருந்தாள். அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போடுங்கக்கா. நாலு பைனல் நான் தோத்தேன்னு சொன்னது பொய்யின்னா, இன்னிக்கு நான் ஜெயிச்சேன்னு சொல்றதும் பொய்தானே. ஒண்ண தள்ளிட்டு இன்னொண்ண வச்சிக்க முடியாது. சுரேஷுதான் ஜெயிச்சான். அவனப் பெருசாப் போடுங்க."

நான் தொலைபேசியில் செய்தியைச் சொல்லத் தொடங்கினேன். சுரேஷின் பெயரை முதல் வாக்கியத்தில் வைத்தேன். அடுத்த வாக்கியம்: இருபத்து மூன்றாவது நிமிடத்தில் குணசேகரன் நடுத்திடலில் பந்தைப் பறிகொடுத்தார்.

"இருபத்து நாலுக்கா," என்றார் குணா.

நோட்டைத் திருப்பிப் பார்த்தேன். இருபத்து நான்குதான்.